சொல்லைக் கொண்டு படத்தை வெட்டுதல்

தமிழகத்தை விட்டு வெளியே வந்து வாழும் நம் குடும்பங்களில், முன்னாளில் பெட்டிக்குள் வைத்துப் பாதுகாக்கப்பட்டவை கடிதங்களும் நிழற்படங்களுமே. இன்று அவற்றின் இடத்தை வீடியோப் பதிவுகள் பெற்றுவிட்டன. சங்கத்தின் பொங்கல் விழா, ஓய்வு பெறும் ஆசிரியருக்கு நடந்த பாராட்டுக் கூட்டம், பாட்டனார் சொன்ன பழங்கதை என எல்லாவற்றையும் கைப்பேசியில் பதிவு செய்துவிடுகிறோம். பதிவு செய்வது எளிதாகிவிட்டது. ஆனால் அவற்றைத் திரும்பப் பார்ப்போர் எத்தனை பேர்? நூலாக இருந்தால் பக்கம் புரட்டித் தேடலாம். மூன்று மணி நேரப் பேச்சில் ஒரு செய்தியைத் தேட வேண்டுமானால் மூன்று மணி நேரமும் அமர்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. அதனாற்றான் அப்பதிவுகள் பூட்டிய பெட்டிக்குள் வைத்த பொருள் போலப் பயனற்றுக் கிடக்கின்றன.

இப்பூட்டைத் திறக்கும் திறவுகோல் ஒன்று இன்று நம் கைக்கு வந்திருக்கிறது. பேச்சை முதலில் எழுத்தாக்கி, அவ்வெழுத்தைக் கொண்டே படத்தை வெட்டி ஒட்டுகின்ற முறையே அது. அம்முறை இன்னதென்பதையும், அதனால் விளையும் நன்மையையும், அதனுள் மறைந்திருக்கும் ஓர் அபாயத்தையும் இப்பேச்சில் ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்குச் சென்று தாராவியில் குடியேறி, தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டவர்கள் பலர். அப்படி ஒரு குடும்பத்து மூதாட்டி, தாம் ஊரை விட்டு வந்த வரலாற்றை மூன்று மணி நேரம் பேசுகிறார். பேரன் அதைப் பதிவு செய்கிறான். நொடிக்கு 25 படங்கள் வீதம் கணக்கிட்டால் அதில் 2,70,000 படங்கள் இருக்கும். உறவினர் கூடும் நாளில் காட்டுவதற்கு இருபது நிமிடப் படம் போதும். எதை வைப்பது? எதை விடுப்பது?

முற்காலத்தில் திரைப்படத் தொகுப்பாளர் இதனை எப்படிச் செய்தார் என்பதை எண்ணிப் பார்த்தல் நலம். முப்பத்தைந்து மில்லிமீட்டர் படச்சுருள் நிமிடத்திற்கு 90 அடி ஓடும். மூன்று மணி நேரத்திற்கு 16,200 அடி! அச்சுருளைக் கையால் ஓட்டிப் பார்த்து, வேண்டிய இடத்தில் வெட்டி, பசை தடவி ஒட்டினர். வானொலி நிலையங்களில் ஒலி நாடாவைச் சவர அலகினால் சாய்வாக அறுத்து இணைத்தனர். பின்னர்க் கணினி வந்தது. படச்சுருளுக்குப் பதிலாகத் திரையில் வண்ணப் பட்டைகள் தோன்றின. கருவி மாறியதே தவிர முறை மாறவில்லை. கண் பார்க்க, காது கேட்க, கை வெட்டிற்று.

புதிய முறையில் முதலில் வேலை செய்வது வாசிப்பு. மூதாட்டியார் நிமிடத்திற்கு நூறு சொல் பேசினார் என்று வைத்துக்கொண்டால், மூன்று மணி நேரத்தில் 18,000 சொற்கள் ஆகும். பக்கத்திற்கு 250 சொற்கள் வீதம் அச்சிட்டால் 72 பக்கம். ஒரே மாலைப்பொழுதில் படித்து முடிக்கத்தக்க சிறு நூல்! அதனைப் படித்து, வேண்டிய வரிகளைக் கோடிட்டுவிட்டால், படத்தை வெட்டும் வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

இதற்கு அடிப்படையாக நிற்பது வசனக் கோப்பு என்பது. திரைப்படத்தின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளை நாம் பார்த்திருக்கிறோம். அவ்வரிகள் தனியான ஓர் எழுத்துக் கோப்பில் இருப்பன. அதன் அமைப்பு மிக எளியது. ஒரு வரிசை எண். அதன்கீழ், பேச்சு தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை. அதற்கும் கீழ், பேசிய சொற்கள். இவ்வளவே. ஆனால் இந்த எளிய அமைப்பில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் தன் நேரத்தைத் தன்னுடனேயே சுமந்து வருகின்றது. ஆகவே சொல்லைக் கண்டவுடன் படத்தின் இடத்தையும் கண்டுவிடுகிறோம்.

பேச்சைக் கேட்டு எழுதும் வேலையையும் இன்று கணினியே தொடங்கி வைக்கின்றது. 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட விஸ்பர் என்னும் நிரல் இவற்றுள் பெயர் பெற்றது. 6,80,000 மணி நேரப் பேச்சைக் கொண்டு பயிற்றப்பட்ட அது, தமிழ் உள்ளிட்ட பல மொழிகளை எழுதும். அதனை விலையின்றிப் பெற்று நம் கணினியிலேயே ஓட்டலாம். குடும்பத்து அந்தரங்கப் பேச்சு வீட்டை விட்டு வெளியே செல்ல வேண்டியதில்லை. இந்திய மொழிகளுக்கென்றே உழைப்போரும் உளர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இயங்கும் ஏஐஃபோர்பாரத் குழுவும், 2022ஆம் ஆண்டு இந்திய அரசு தொடங்கிய பாஷினி திட்டமும் இத்துறையில் பணி செய்கின்றன.

எழுத்து கிடைத்த பின் வெட்டுவது எவ்வாறு? இங்கேதான் கட்டளை வரி என்பது வருகின்றது. மளிகைக் கடைக்குச் சென்று ஒவ்வொரு சாமானாகச் சுட்டிக் காட்டி வாங்குவது ஒரு முறை. வேண்டியவற்றைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவது மற்றொரு முறை. கணினித் திரையில் பொத்தான்களை அழுத்தி வேலை வாங்குவது முன்னது போன்றது. விசைப்பலகையில் ஆணையை ஒரு வரியாகத் தட்டி வேலை வாங்குவது பின்னது போன்றது. சீட்டுக்கு ஒரு சிறப்பு உண்டு. அடுத்த மாதமும் அதையே கொடுக்கலாம், பிறரிடமும் கொடுத்தனுப்பலாம், கணக்கில் ஐயம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம்.

இவ்வேலைக்கு வேண்டிய கருவிகள் மூன்று. முதலாவது, எழுத்துக்குள் சொல்லைத் தேடும் கிரெப். இதனை 1973ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் என்பார் ஆக்கினார். அரை நூற்றாண்டு கடந்தும் இன்றும் அது நாளும் பயன்படுகின்றது. இரண்டாவது, ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு அறிஞர் 2000ஆம் ஆண்டு தொடங்கிய எஃப்எஃப்எம்பெக். படக் கோப்பின் பெயரையும், தொடக்க நேரம், முடிவு நேரம் ஆகிய இரண்டையும் கொடுத்தால் அப்பகுதியை வெட்டித் தரும். துண்டுகளின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால் ஒட்டித் தரும். மூன்றாவது, சாம் லவீன் என்னும் அமெரிக்கக் கலைஞர் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட வீடியோகிரெப். இது முன்னிரண்டின் வேலையையும் சேர்த்துச் செய்வது. படத்தையும் வசனக் கோப்பையும் ஒரே இடத்தில் வைத்து ஒரு சொல்லைக் கொடுத்தால், அச்சொல் வரும் வரிகளுக்குரிய படத்துண்டுகளை எல்லாம் எடுத்து ஒரே படமாகக் கோத்துவிடும். மூதாட்டியார் ‘ஆலை’ என்று சொன்ன இடங்களையெல்லாம் அடுத்தடுத்துக் காணலாம். இம்மூன்றும் விலையின்றிக் கிடைப்பன.

செய்முறையில் கருத வேண்டியவை சில. வீடியோக் கோப்பில் எல்லாப் படங்களும் முழுமையாகப் பதியப்படுவதில்லை. இடையிடையே முழுப்படம் ஒன்று இருக்கும். ஏனையவற்றில், முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதி மட்டும் குறிக்கப்பட்டிருக்கும். ஆகவே படத்தை மாற்றாமல் அப்படியே பிரதி செய்து வெட்டினால், வேலை விரைவில் முடியும். ஆனால் வெட்டு, முழுப்படம் உள்ள இடத்திலேதான் சரியாக விழும். சொல்லின் தொடக்கத்திலேயே வெட்டு விழ வேண்டுமானால், அப்பகுதியை மறுபடியும் புதிதாகப் பதியுமாறு எஃப்எஃப்எம்பெக்குக்குச் சொல்ல வேண்டும். நேரம் சற்று அதிகமாகும், பலன் செம்மையாகும். வரியின் முன்னும் பின்னும் அரை நொடி இடம் விடுவதும் நல்லது. வீடியோகிரெப்பில் அதற்கென்றே ஏற்பாடு உண்டு. பேசுபவர் மூச்சு வாங்கும் இடத்தை நெரித்து வெட்டினால், கேட்போருக்கும் மூச்சு முட்டும்.

இனி, தமிழுக்கென்று உரிய சில சிக்கல்களைப் பார்ப்போம். கிரெப் போன்ற கருவி இலக்கணம் அறியாது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதே அதன் தொழில். ‘ஊர்’ என்று தேடினால் ‘ஊருக்கு’, ‘ஊரில்’, ‘ஊரை’ என்பன அகப்படா. காரணம், தேடிய சொல்லின் ஈற்றில் புள்ளி இருக்கிறது. அச்சொற்களில் புள்ளி இல்லை. இதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. புள்ளியை விட்டுவிட்டு ‘ஊர’ என்று தேடினால் இவை அனைத்தும் வந்துவிடும். ‘ஊருல’ என்ற பேச்சு வழக்கும் வரும். எனினும் ‘எங்களூர்’ வராது; புணர்ச்சியில் ‘ஊ’ மறைந்து ‘ளூ’ ஆகிவிட்டதன்றோ? அதனைத் தனியே தேட வேண்டும். இன்னும் ஒன்று. ‘சொன்னார்’ என்பதிலுள்ள ‘சொ’வின் குறியைக் கணினியில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; கணினிக்கு வேறு வேறு. தேடும் சொல்லும் கோப்பிலுள்ள சொல்லும் ஒரே முறையில் எழுதப்பட்டிருக்குமாறு முதலிலேயே ஒழுங்கு செய்துகொள்ளுதல் வேண்டும்.

வெளிமாநிலத்தில் வாழும் நம் பேச்சில் மற்றொரு சிக்கலும் உண்டு. நாம் பேசுவது ஏட்டுத் தமிழன்று. வட்டார வழக்கோடு இந்தியும் மராத்தியும் வங்காளமும் கன்னடமும் கலந்த தமிழ். விஸ்பர் வழக்கமாக முதல் முப்பது நொடியைக் கேட்டு இன்ன மொழி என்று முடிவு செய்கின்றது. பதிவின் தொடக்கத்தில் பக்கத்து வீட்டாருடன் இந்தியில் இரண்டு வார்த்தை பேசிவிட்டால், முழுப் பேச்சையும் இந்தி என்று எண்ணிவிடக்கூடும். ஆகவே மொழி தமிழ் என்று ஆணையிலேயே குறிப்பிட்டுவிட வேண்டும். அப்போதும் ஊர்ப் பெயர்களும் உறவுப் பெயர்களும் தவறாக வரும். ஆதலின் இயந்திரம் எழுதியதைக் கரட்டுப் படியாகக் கொண்டு, பேச்சை அறிந்த ஒருவர் கேட்டுத் திருத்துவது இன்றியமையாதது. பேரன் கேட்க, தாய் திருத்தினால், அத்திருத்தமே இரு தலைமுறையும் கூடிச் செய்யும் நற்பணியாக அமையும்.

இப்பொழுது நாம் முதலிற் குறிப்பிட்ட அபாயத்திற்கு வருகிறோம். வெட்டுவது எளிதாகும்போது திரிப்பதும் எளிதாகிவிடுகின்றது. தமிழ்த் தொடரின் அமைப்பு இதில் நம்மைத் தனியே எச்சரிக்கின்றது. நம் மொழியில் வினை பெரும்பாலும் தொடரின் இறுதியில் நிற்பது. உண்டா இல்லையா, சொன்னவர் தாமா பிறரா என்பது கடைசியில்தான் தெரியவரும். மூதாட்டியார், ‘அவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு என்று சொல்லமாட்டேன்’ என்று பேசியிருக்கிறார் என்று கொள்வோம். இடையில் அவர் ஒரு கணம் நிறுத்தியிருந்தால், வசனக் கோப்பில் இது இரண்டு வரியாகப் பிரிந்துவிடும். ‘வருத்தம்’ என்று தேடுகிறோம். முதல் வரி மட்டும் அகப்படுகிறது. படத்தில் அவர் தம் வாயாலேயே, ‘அவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு’ என்று சொல்வதாக அமைந்துவிடும். குரல் அவருடையது, முகம் அவருடையது, கருத்து மட்டும் அவருடையதன்று.

மற்றொன்று காண்போம். ‘பம்பாய் நமக்கு ஆகாது, ஊருக்கே போய்விடுவோம் என்று சொன்னவர் என் அண்ணன்தான்’ என்கிறார். முதற்பகுதி தனியே வெட்டப்பட்டால் அண்ணனின் சொல் தங்கையின் சொல்லாகிவிடும். தம் கைகளால் உழைத்து ஒரு நகரத்தில் குடும்பத்தை நிலைநிறுத்தியவர், அந்நகரத்தை வெறுத்தவராகப் பேரப்பிள்ளைகளின் முன் காட்சி தருவார். ஆங்கிலத்தில் ‘அண்ணன் சொன்னான்’ என்பது தொடரின் முன்னே வருவது வழக்கம். வால் அறுந்தாலும் தலை தப்பும். நம் தொடரிலோ உயிர் வாலில் இருக்கின்றது. எனவே தமிழ்ப் பேச்சை வெட்டுவோர் வரியை அளவாகக் கொள்ளாமல், முற்றுவினை வரையிலான முழுத்தொடரை அளவாகக் கொள்ள வேண்டும். கிரெப்பில் கிடைத்த வரியோடு அதற்கு முன்னும் பின்னும் உள்ள சில வரிகளையும் சேர்த்துக் காட்டுமாறு கேட்கலாம். அவற்றைப் படித்த பின்னரே வெட்ட வேண்டும் என்பதை ஒரு நெறியாகவே கொள்ளலாம்.

எழுத்தில் வராதவையும் உண்டு. இறந்துபோன குழந்தையைப் பற்றிச் சொல்லுமுன் தாய் பத்து நொடி மௌனமாக இருக்கலாம். வசனக் கோப்பில் அம்மௌனத்திற்கு ஒரு வரியும் இராது. அது மட்டுமன்று, பேச்சில்லாத இடத்தில் எவரும் சொல்லாத சொற்களைத் தானே எழுதிவிடும் குறையும் விஸ்பரிடம் உண்டு. மௌனம் முழுவதையும் வீணென்று கருதி நீக்கினால் படம் விறுவிறுப்பாக ஓடும். ஆனால் அந்தத் தாய் அங்கே இருக்கமாட்டாள். அழுகை, புன்முறுவல், கையசைவு, பழைய பாட்டொன்றை வாய்க்குள் முணுமுணுத்தல் ஆகிய இவையெல்லாம் எழுத்தின் வலைக்குள் சிக்காத மீன்கள். ஆகவே எழுத்தைக் கொண்டு தேர்ந்தெடுத்தபின், கண்ணையும் காதையும் கொண்டு ஒருமுறை முழுவதும் பார்த்தே தீர வேண்டும். எழுத்து வழிகாட்டலாம், தீர்ப்புச் சொல்லும் உரிமையை அதனிடம் கொடுத்துவிடலாகாது.

அபாயம் இருப்பதனால் இம்முறையையே விலக்க வேண்டுமோ எனின், வேண்டியதில்லை. இம்முறையிலேயே அதற்கு மாற்றும் இருக்கின்றது. திரையில் கையால் வெட்டி ஒட்டிய படத்தைப் பார்ப்பவருக்கு, எது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது தெரியாது. கட்டளை வரியில் செய்யும்போது, எந்தப் பதிவில் எத்தனையாவது நிமிடம் முதல் எத்தனையாவது நிமிடம் வரை எடுத்தோம் என்ற பட்டியல் எழுத்தாகவே இருக்கின்றது. மளிகைச் சீட்டைப் போல அதனைப் பாதுகாக்கலாம். இருபது நிமிடப் படத்துடன் மூன்று மணி நேர மூலப் பதிவையும், திருத்திய எழுத்துப் படியையும், இந்த வெட்டுப் பட்டியலையும் சேர்த்து வைத்துவிட்டால், பிற்காலத்தில் எவரும் ஒப்பிட்டு மெய் காணலாம். மூலத்தை ஒருநாளும் அழிக்கலாகாது. வெட்டிய படத்தைப் பேசியவருக்கே முதலில் போட்டுக் காட்டி, அவருடைய இசைவைப் பெறுவதே முறை.

எழுத்துப் படியினால் நமக்குப் பிறிதொரு பயனும் உண்டு. வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுள் பலர் தமிழைக் கேட்டால் ஓரளவு புரிந்துகொள்வர், படிக்கத் தெரியாது. பாட்டியின் வட்டார வழக்கு அவர்களுக்குப் பாதிதான் விளங்கும். நேரக் குறிப்பை மாற்றாமல், தமிழ் வரிகளுக்குப் பதிலாக அவர்கள் அறிந்த மொழியில் வரிகளை எழுதிவிட்டால், அதுவே படத்தின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பாகிவிடும். தமிழ் வரிகளையும் உடன் ஓடவிட்டால், காதில் கேட்கும் சொல்லைக் கண்ணில் எழுத்தாகக் கண்டு, தமிழ் எழுத்துக்களைப் பழகிக்கொள்ளவும் கூடும். பாட்டியின் கதையே பேத்தியின் பாடநூலாவது எத்துணை நயமுடையது!

நம் சங்கங்கள் இப்பணியை மேற்கொள்ளலாம். தில்லியிலும் கொல்கத்தாவிலும் மும்பையிலும் பெங்களூரிலும் முதற்கண் குடியேறிய தலைமுறையினர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். அவர்கள் எந்த இரயிலில் வந்தனர், எந்தச் சந்தில் முதன்முதலில் அறை கிடைத்தது, மொழி அறியாத நகரில் யார் முதலில் கைகொடுத்தார் என்னும் செய்திகள் பெரும்பாலும் அவர்களுடைய நாவில் மட்டுமே இருக்கின்றன. கணினி அறிந்த இளைஞர் இருவரும், வழக்கு அறிந்த முதியவர் ஒருவரும் சேர்ந்தால், மாதம் ஒரு பதிவை எழுத்தாக்கித் தொகுப்பது அரிதன்று. பெரும் பொருட்செலவும் இல்லை. வீட்டிலுள்ள கணினியே போதும்.

பதிவு செய்தவுடன் கடமை முடிந்துவிட்டதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது பாதி வேலைதான். பதிந்த பேச்சைத் தேடத்தக்கதாகவும், சுருக்கமாகவும், அதே வேளையில் பேசியவரின் கருத்துக்கு ஊறு நேராமலும் அடுத்த தலைமுறையின் கையில் கொடுப்பது மறுபாதி. அதற்கு வேண்டிய கருவிகள் நம்மிடம் இருக்கின்றன. தொடரை அதன் இறுதிச் சொல் வரை கேட்கும் பொறுமையை மட்டும் நாம் கொண்டுவர வேண்டும்.